நெய்த்தோர்ப்பட்டியும் நட்டஈடும்: பாலாற்றங்கரையில் உயிரின் மதிப்பு

உயிருக்கு விலை இல்லை என்பது உலக வழக்கு. உயிர் போன பின் அதற்குரிய தொகையை எண்ணிக் கொடுப்பதும் உலக வழக்கே. விலை இல்லை என்று சொல்லிக்கொண்டே விலை கட்டும் இந்த இரட்டை வழக்கு இன்று நேற்றுத் தோன்றியதன்று. கல்வெட்டிலும் சட்டத்திலும் பொருளியல் ஆய்விலும் அது வெவ்வேறு வடிவம் பூண்டு வந்துள்ளது. வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு எனப் பாலாற்றுப் படுகையில் நீளும் தோல் தொழில் நிலத்தை நடுவாக வைத்து அவ்வடிவங்களை ஒப்புநோக்குவது இக்கட்டுரையின் நோக்கம். கவிதைக்கென அமைந்த ஒரு வட்டத்தின் பத்தாண்டு நிறைவு மலரில் கூலிக் கணக்கு எதற்கு என்று அன்பர்கள் வினவலாம். இறந்தவனுக்குக் கல் நட்டுப் பாடியோர் மரபில் வந்தவர்க்கு இக்கணக்கு அயலானதன்று என்பதே என் விடை.

நடுகல்லும் குருதி நிலமும்

வட ஆர்க்காட்டுப் பகுதி நடுகற்களின் நிலம். செங்கம் வட்டாரத்துக் கற்களைத் தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறை 1972இல் 'செங்கம் நடுகற்கள்' என்னும் நூலாக வெளியிட்டபோது அதன் வளம் தமிழுலகிற்குப் புலனாயிற்று. ஆம்பூரில் கிடைத்த நடுகற்கள் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 26ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தவை. நிரை கவர வந்த நுளம்பர் படையோடு பொருது பட்ட வீரர்களை அவை நினைவுகூர்கின்றன. அன்று மாடே செல்வம். செல்வத்திற்கு 'மாடு' என்னும் பெயரே வழங்கிற்று. அம்மாட்டின் பொருட்டு மடிந்தவனுக்கு ஊர் கல் நட்டது.

கல்லோடு கடமை முடிந்துவிடவில்லை. போரிலும் பூசலிலும் பட்டவனின் சுற்றத்தார்க்கு நிலம் விடும் வழக்கமும் இருந்தது. அந்நிலம் கல்வெட்டுகளில் 'நெய்த்தோர்ப்பட்டி' என்றும் 'உதிரப்பட்டி' என்றும் பெயர் பெறும். நெய்த்தோர் என்பது குருதி. குருதி சிந்தியமைக்கு ஈடாகத் தந்த நிலம் என்பது பொருள். உயிரின் மதிப்பை அளக்கத் தமிழர் கண்ட பழைய அளவுகோல்களுள் இது ஒன்று எனலாம்.

இவ்வளவுகோலின் இரு இயல்புகள் ஈண்டுக் கருதத்தக்கன. ஒன்று, இறந்தவன் ஈட்டிய பொருளை அது அளவாகக் கொள்ளவில்லை. எஞ்சியோர் பிழைப்பதற்கு நிலம் வேண்டும் என்பதையே நோக்கிற்று. ஆண்டுதோறும் விளையும் நிலம் ஒருமுறை தந்து கைகழுவும் தொகையன்று. மற்றொன்று, அது எல்லா உயிர்க்கும் உரியதாக இல்லை. நிரை மீட்டு மாண்டவனுக்குக் கல் உண்டு, பட்டி உண்டு. செத்த மாட்டின் தோலை உரித்தும் ஊறவைத்தும் நோயுற்று மாண்டவனுக்கு அவ்விரண்டும் இல்லை.

சங்கப் பாட்டில் ஓர் ஊசி

தோல்வேலை செய்தவன் நம் பழம்பாட்டில் இடம்பெறாமல் இல்லை. புறநானூற்றின் 82ஆம் பாட்டு சாத்தந்தையார் பாடியது. போரவைக் கோப்பெருநற்கிள்ளியின் மற்போர் விரைவு அதன் பொருள். அவ்விரைவுக்குப் புலவர் தேடிய உவமை, தோல்வாரால் கட்டில் பின்னும் ஒருவன் கையிலுள்ள ஊசி. ஊரில் விழா தொடங்கிவிட்டது, அவன் மனைவி பிள்ளைப்பேற்று வலியில் இருக்கிறாள், மழை பெய்கிறது, பொழுது சாய்கிறது. இத்தனைக்கும் நடுவே அவன் கட்டிலைப் பின்னி முடிக்கிறான். ஊசி பறக்கிறது.

உரையாசிரியர் வழிநின்று இதை விரைவுக்கு உவமை என்று வகுப்பில் சொல்லி முடிப்போம். என் மாணவியர் பலரின் இல்லங்களில் காலணியின் மேற்பகுதியைக் கையால் தைக்கும் வேலை நடக்கிறது. ஆம்பூர் வட்டாரத்துத் தொழிற்சாலைகளிலிருந்து இடைத்தரகர் வழியாக வீடு வந்து சேரும் வேலை அது. கூலி ஜோடிக் கணக்கில். இப்பாட்டை நடத்தியபோது ஒரு மாணவி கேட்டாள்: "மனைவிக்கு வலி வந்த பிறகும் அவன் ஏன் அம்மா எழுந்து போகவில்லை?" உவமையை விட்டுவிட்டு உவமைக்குள் இருந்த மனிதனைக் கண்ட வினா அது. எழுந்து போக இயலாதவனின் கைவேகம் அரசனின் வீரத்துக்கு அளவாயிற்று. அவனுக்குப் பாட்டு தந்த பெயரோ இழிந்தவன் என்னும் பொருளுடையது. 'எழுந்து போக இயலுமா' என்னும் இவ்வினாவே பின்வரும் பொருளியல் முறைக்கும் உரைகல்லாகிறது.

கூலியிலிருந்து உயிரைக் கணிக்கும் முறை

ஆடம் ஸ்மித் 1776இல் வெளியிட்ட 'நாடுகளின் செல்வம்' என்னும் நூலில் கூலி வேறுபாட்டின் காரணங்களை ஆராய்ந்தார். அருவருப்பும் அழுக்கும் இழிவும் மிகுந்த தொழிலுக்கு ஆள் கிடைப்பது அரிது. ஆதலின் கூலியை உயர்த்தித் தந்தே ஆளைப் பெற வேண்டும் என்பது அவர் கருத்து. உடல்நலத்தைக் கெடுப்பன என்று அறியப்பட்ட தொழில்களில் கூலி உயர்ந்தே நிற்கும் என்றும் அவர் எழுதினார்.

இக்கருத்தை வேராகக் கொண்டு இருபதாம் நூற்றாண்டில் ஒரு கணக்குமுறை கிளைத்தது. தாமசு ஷெல்லிங் 1968இல் உயிர்காப்பின் மதிப்பை, இடரைக் குறைத்துக்கொள்ள மக்கள் எவ்வளவு தர முன்வருவர் என்பதிலிருந்து காணலாம் என்றார். ரிச்சர்டு தேலர், ஷெர்வின் ரோசன் ஆகிய இருவரும் 1976இல் வெளியிட்ட ஆய்வில் தொழிலாளர் கூலியிலிருந்து அதனைக் கணித்துக் காட்டினர். கிப் விஸ்குசி இம்முறையைப் பல்லாண்டு வளர்த்தார்.

முறையின் சாரம் எளிது. ஓர் எடுத்துக்காட்டுக் கொள்வோம். மற்ற எல்லாவற்றிலும் ஒத்த இரு தொழில்கள் உள்ளன. ஒன்றில் ஆண்டுதோறும் 10,000 பேருக்கு ஒருவர் கூடுதலாக இறக்கிறார். அவ்விடரை ஏற்பதற்கு ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 500 ரூபாய் கூடுதலாகப் பெறுகின்றனர் எனில், 10,000 பேரும் சேர்ந்து பெறுவது 50 இலட்சம். இறப்பவர் யார் என்பது முன்னர்த் தெரியாது. பெயரில்லாத அந்த ஓர் உயிருக்குத் தொழிலாளர் தாமே தம் கூலி வழியாகக் கூறிய மதிப்பு 50 இலட்சம் என்பர். இதனைப் புள்ளியியல் உயிர் மதிப்பு என்று சொல்லலாம்.

இம்முறை நம் மாநிலத்துக்கும் வந்தது. 1990இல் சென்னை மாவட்ட ஆலைகளின் உடலுழைப்புத் தொழிலாளர் 522 பேரிடம் திரட்டிய விவரங்களைக் கொண்டு பொருளியலறிஞர் கே.ஆர். சண்முகம் தம் கணிப்புகளை வெளியிட்டார். 2001இல், இடரான வேலையைத் தேர்பவர் இயல்பிலேயே பிறரினும் வேறுபட்டவராக இருக்கலாம் என்பதைக் கணக்கில் சேர்த்துத் திருத்தியபோது, மதிப்பு முன்னைய கணிப்புகளைப்போல் இரு மடங்குக்கும் மேலாக உயர்ந்தது. மக்களும் கூலியும் அவையே. அனுமானம் மாறியதும் உயிரின் மதிப்பு மாறிற்று. 1999இல் நத்தலி சைமன், மவ்ரீன் கிராப்பர் முதலியோர் இந்தியத் தொழிலாளர் கூலியை ஆராய்ந்து 1990ஆம் ஆண்டு விலையில் 64 இலட்சம் முதல் 150 இலட்சம் ரூபாய் வரை என்று கணித்தனர். ஒருவர் இறப்பதால் இழக்கப்படும் வருவாயைப்போல் இது 20 முதல் 48 மடங்கு. இந்த மடங்கினை நினைவில் கொள்க, பின்னர் வேண்டப்படும்.

கூலி பேசியதா?

இம்முறை மூன்று நிபந்தனைகளின் மேல் நிற்கிறது. தொழிலாளி தன் இடரை அறிந்திருக்க வேண்டும். விட்டுச் செல்ல அவனுக்கு வேறு தொழில் வேண்டும். கூலியைப் பேசும் வலிமை வேண்டும். பாலாற்றங்கரையில் இவை எவ்வளவு பொருந்தும்?

முதலில் அறிவு. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிட்ட காலம் நெடியது. 1970களில் அரைப்பதனிட்ட தோலின் ஏற்றுமதியை மைய அரசு கட்டுப்படுத்தி, முழுமையாக்கிய தோலையும் காலணியையும் ஊக்குவித்த பின் குரோமிய முறை பரவிற்று. மயிர் நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்க்கின்றனர். அக்கழிவு அமிலக் கழிவோடு கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சுவாயு எழும். சிறிதளவில் அழுகிய முட்டை நாற்றம் வீசும். அளவு மிகுந்தால் மோப்ப உணர்வே மரத்துப்போகும். நாற்றம் நின்றுவிட்டதென்று எண்ணித் தொட்டிக்குள் இறங்குபவன் அந்நொடியில்தான் பேரிடரில் இருக்கிறான். விழுந்தவனைத் தூக்க இறங்கியவரும் உடன் விழுவது இவ்வகை விபத்துகளின் இயல்பு. தன்னை அறியவிடாமல் மறைக்கும் இடரைக் கூலியில் பேசி வாங்குவது எங்ஙனம்?

அடுத்தது மாற்றுத் தொழில். ஜான் ஸ்டூவர்ட் மில் 1848இலேயே ஸ்மித்தின் கருத்தை மறுத்தார். உண்மையில் மிகவும் களைப்பூட்டுவதும் அருவருப்பானதுமான உழைப்பு, பெரும்பாலும் எல்லாவற்றினும் குறைந்த கூலியையே பெறுகிறது; ஏனெனில் வேறு வழியற்றவரே அதனை ஏற்கின்றனர் என்றார் அவர். இங்கிலாந்தை நோக்கி அவர் எழுதியது நம் நாட்டுக்கு இன்னும் பொருந்தும். இங்கே பச்சைத்தோலைத் தொடும் வேலை, தீண்டாமைக்கு உள்ளான சாதியினர்மேல் பிறப்பாலேயே சுமத்தப்பட்டது. இழிவுக்கு ஈடாகக் கூலி உயரும் என்றார் ஸ்மித். இழிவே கூலியைத் தாழ்த்தியது என்பது நம் வரலாறு. இன்று அவ்வரிசையில் வட மாநிலங்களிலிருந்தும் கிழக்கு மாநிலங்களிலிருந்தும் வந்த தொழிலாளரும் சேர்ந்துள்ளனர்.

பேரம் பேசும் வலிமைக்குச் சட்டமே சான்று பகரும். 1931இல் வெளிவந்த விட்லி ஆணைக்குழு அறிக்கை, தொழிற்சாலைச் சட்டத்தின் காவலுக்கு வெளியே கிடந்த தொழில்களைப் பேசுகையில் பீடி, கம்பளம், அபிரகம் ஆகியவற்றோடு தோல் பதனிடுதலையும் எடுத்துக்கொண்டது. 1948ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் தன் அட்டவணையில் தோல் பதனிடும் தொழிலைச் சேர்த்தது. உழைப்பவர் தாமாகப் பேசி வாழ்க்கைக்குப் போதிய கூலி பெற இயலாத தொழில்கள் எவை என்று அரசு எழுதிய பட்டியல் அது. இடருக்காகக் கூலி ஏறியிருக்க வேண்டும் என்று கோட்பாடு கூறும் தொழில், கூலி ஏறாத தொழில்களின் பட்டியலில் இருந்தது. இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

சட்டத்தின் வாய்பாடு

கூலி சொல்லாததைச் சட்டம் சொன்னதா என்று அடுத்துக் காண்போம். 1923இல் இயற்றப்பட்டு 1924 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம், வேலையில் நேர்ந்த இறப்புக்கு முதலாளியின் தவறு மெய்ப்பிக்கப்பட வேண்டும் என்னும் தடையை நீக்கிற்று. அது பெரும்பேறு. ஆனால் அது கட்டிய தொகை யாது? வயது வந்தவர் இறந்தால் 30 மாதக் கூலி அல்லது 2,500 ரூபாய், இவற்றுள் எது குறைவோ அது. இறந்தவர் சிறார் எனில் 200 ரூபாய்.

பின்னர் வயதும் கூலியும் கலந்த வாய்பாடு வந்தது. 1984ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, இறப்புக்கு மாதக் கூலியில் 40 விழுக்காட்டை வயதுக்குரிய காரணி எண்ணால் பெருக்க வேண்டும். 30 வயதுக்குரிய காரணி 207.98. மாதக் கூலி எவ்வளவாயினும் 1,000 ரூபாய்க்கு மேல் கணக்கில் வாராது. அவ்வாறாயின் 1990இல் முப்பது வயதில் இறந்த தொழிலாளிக்குச் சட்டம் தந்த உச்சத்தொகை 83,192 ரூபாய். அதே 1990ஆம் ஆண்டு விலையில், மேற்கூறிய ஆய்வு கண்ட மிகக் குறைந்த மதிப்பு 64 இலட்சம். எழுபத்தைந்து மடங்குக்கும் மேற்பட்ட இடைவெளி இது.

இங்கே பொருளியல் முறைக்கும் ஒரு நியாயம் செய்தல் வேண்டும். அதன் குறைகளை மேலே கூறினோம். ஆயினும் கூலி ஓரளவேனும் பேசக்கூடிய இடத்தில் தொழிலாளியின் குரலை அது கேட்டது. தன் உயிர் தன் வருவாயினும் பன்மடங்கு பெரிது என்று அவன் கூறியதைப் பதிவு செய்தது. சட்டமோ அவனை அவன் வருவாயாக மட்டுமே கண்டது.

1995இல் விழுக்காடு 50 ஆயிற்று. கூலி உச்சவரம்பும் படிப்படியாக உயர்ந்து 2020 சனவரியில் 15,000 ரூபாய் ஆனது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் பழைய சட்டத்தின் இடத்தைப் பிடித்த பின்னும், கூலியில் பாதியைக் காரணியால் பெருக்கும் முறை தொடர்கிறது. முப்பது வயதினர் இருவர் ஒரே தொட்டியில் ஒரே நாளில் இறக்கின்றனர் என்று கொள்வோம். ஒருவரின் மாதக் கூலி 15,000. மற்றவரின் கூலி 7,500. இவ்வாய்பாட்டின்படி முதலாமவர் உயிர் 15,59,850 ரூபாய். இரண்டாமவர் உயிர் 7,79,925. அவ்விருவர் உள்ளிழுத்த வாயு ஒன்றே.

குறைந்த கூலி ஒருவரை இருமுறை தண்டிக்கிறது என்பதே இவ்வரலாற்றிலிருந்து நான் பெறும் முடிவு. வாழுங்கால், இடருக்குரிய ஈடு கூலியில் சேராமையால் முதல் தண்டனை. இறந்தபின், அக்குறைந்த கூலியையே அளவாக வைத்து உயிரை அளப்பதால் இரண்டாம் தண்டனை. முதலில் விடுபட்டதை இரண்டாவது ஈடுசெய்வதில்லை, அதனை உறுதிப்படுத்துகிறது.

நிலத்தின் கணக்கும் உடலின் கணக்கும்

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28இல் வழங்கிய தீர்ப்பு உலகறிந்தது. ஏறத்தாழ 35,000 எக்டேர் வேளாண் நிலம் கெட்டதென்னும் ஆய்வு அத்தீர்ப்பில் எடுத்தாளப்பட்டது. மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்னும் நெறி நம் நாட்டுச் சட்டத்தில் வேரூன்றியது. ஒவ்வொரு தோல் ஆலைக்கும் 10,000 ரூபாய் தண்டம் விதிக்கப்பட்டது. இழப்பைக் கணக்கிடத் தனி அதிகார அமைப்பும் ஏற்பட்டது. பாதிப்பு தொடரும்வரை பொறுப்பும் தொடரும் என்று 2025 சனவரி 30இல் அந்நீதிமன்றம் மீண்டும் வலியுறுத்திற்று. அவ்வழக்கின் பொருள் ஆறும் கிணறும் வயலும். சுவருக்கு அப்பால் பாய்ந்த நஞ்சை அது அளந்தது. சுவருக்கு உள்ளே நின்று அந்நஞ்சைக் கையாண்டவரின் உடலை அளக்கும் வேலை பழைய வாய்பாட்டுக்கே எஞ்சியது.

2015 சனவரி 31ஆம் நாள் விடியுமுன், இராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையில் கழிவுக் கசடு தேக்கிய தொட்டியின் சுவர் இடிந்தது. அடுத்திருந்த தோல் ஆலையில் உறங்கிக்கொண்டிருந்தோர்மேல் கசடு பாய்ந்து 10 பேர் மாண்டனர். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைப்பு நாடி வந்தவர்கள். அவர்கள் அப்போது தொட்டிக்குள் இறங்கவில்லை, இயந்திரத்தின் அருகிலும் இல்லை, படுத்திருந்தார்கள். அடுத்த மனைச் சுவரின் வலிமையை எந்தக் கூலிப் பேச்சில் சேர்த்திருப்பார்கள்? இடரை அறிந்து விலை பேசி ஏற்கும் தொழிலாளி என்னும் கற்பிதம் அந்த இரவின்முன் நிற்கமாட்டாது.

முன்னும் பின்னும்

அயல்நாடுகளில் இம்மதிப்பு எதற்குப் பயன்பட்டது என்பதையும் எண்ணிப் பார்த்தல் நன்று. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, ஓர் உயிரை 2006ஆம் ஆண்டு மதிப்பில் 74 இலட்சம் டாலர் என்று கொண்டு தன் விதிகளை நெடுங்காலம் எடைபோட்டது. காப்பு விதியின் செலவும் அதனால் பிழைக்கும் உயிர்களின் மதிப்பும் ஒரே தராசில் ஏறின. உயிரைப் பணத்தால் அளப்பது நம் செவிக்கு உவர்ப்பாக இருக்கலாம். ஆனால் அவ்வெண் இறப்புக்கு முன் கேட்கப்பட்டது. நம் வாய்பாடோ இறப்புக்குப் பின்னரே திறக்கப்படுகிறது. முன்னே கேட்ட எண் சுவரைத் தடிப்பாக்கும். தொட்டியருகே வாயு காட்டும் கருவியை வைக்கும். பின்னே கேட்ட எண் குடும்பத்தின் கடனைத் தீர்க்கும், அவ்வளவே.

மாற்றத்தின் அடையாளம் ஒன்று உண்டு. சாக்கடையிலும் மலக்குழியிலும் இறங்கி மாண்டோர் குடும்பங்களுக்கு 10 இலட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014 மார்ச்சு 27இல் ஆணையிட்டது. 2023 அக்டோபர் 20இல் அதனை 30 இலட்சமாக உயர்த்தியது. தொகை போதுமா என்பது வேறு வினா. இறந்தவன் என்ன கூலி வாங்கினான் என்று அத்தீர்ப்பு கேட்கவில்லை என்பதே குறிக்கத்தக்கது. கூலியைக் கேளாமல் உயிரை மதிக்கும் அளவுகோல் நம் மண்ணுக்குப் புதிதன்று, நெய்த்தோர்ப்பட்டி அத்தகையது. அன்று அது நிரை மீட்டவனுக்கு மட்டும் உரியதாய் இருந்தது. அந்நிரையின் தோலைப் பதனிடுபவனுக்கும் அது உரியதாக வேண்டும். தொழிற்சாலைத் தொட்டியில் மாண்டவருக்கும் கூலியைச் சாராத ஒரே தொகை, அதற்கும் முன்னதாக அத்தொட்டிக்கும் சுவருக்கும் உரிய காப்பு: இவ்விரண்டும் கேட்கத்தக்கன.

வள்ளுவர் 'ஊதியம்' என்னும் சொல்லை ஆதாயம், பேறு என்னும் பொருளில் ஆண்டார். இன்று அது மாதந்தோறும் கையில் வாங்கும் கூலியைக் குறிக்கிறது. பொருள் சுருங்கிய அச்சொல்லை உயிர்க்கு அளவாக வைக்கும்போதெல்லாம் உயிரும் சுருங்குகிறது. சொற்களின் அளவைக் காப்பது கவிஞர் கடமை எனில், இச்சொல்லும் அவர்தம் காவலில் உள்ளதே.